ஒன்பதாவது ஒட்டு

பட்டர்வொர்த் துறையில் மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே
சைக்கிளை உருட்டி ஏறும்போதே தெரிந்துவிட்டது.
பின்சக்கரம் தொப்பென்று, ரிம் தரையில் இடிக்க.

ஒன்பதாவது முறை.
எட்டு ஒட்டும் எந்தத் தெரு கொடுத்ததென்று
கண்ணை மூடித் தடவிச் சொல்வேன்.
இந்தச் சதுரம், சூலியா தெருக் கண்ணாடிச் சில்லு.
ஓரம் பிரிந்த வட்டம், கேம்பல் தெருக் கெளுத்தி முள்.
முள்ளா என்று சிரிப்பார்கள். முள்தான்.
கடைசியில் வரிசையாக மூன்று: ஜெலுத்தோங் கடலோரச் சாலை,
லாரிகள் உதிர்த்துப் போகும் கம்பி.
அந்த மூன்றுக்காக மாநகர் மன்றத்துக்குப்
புகாரே எழுதியிருக்கிறேன், மலாயில், இரண்டு பக்கம்.

"புதுசு பன்னிரண்டு வெள்ளி. மாற்றித் தொலையேன்"
என்பார் தயாபரன்.
நானும் அவரும் ஒரே சலவைக்கூடம்.
விடுதிப் போர்வையில் சிகரெட் சுட்ட பொட்டு ஒன்று போதும்,
முழுதும் கழிவு. சிவப்பு மையில் கையெழுத்துப் போடுவது நான்.
நேற்று முப்பத்தொன்று.

தெய்க் ஹுவாட் கடையில் வேறு நியாயம்:
"விக்கிறது புதுசு. என் சைக்கிளுக்கு ஒட்டு."
வால்வின் அடியில் கிழிந்தால் மட்டும்
அவரும் கையை விரிப்பார், நானும்.

படகு நகர்ந்தது.
சக்கரத்தைக் கழற்றி, கரண்டிக் காம்பால் டயரை நெம்பி,
டியூபை உருவிக் காற்றடித்தேன்.
சுற்றிலும் கடல்,
ஓட்டை தேட ஒரு பேசின் தண்ணீர் இல்லை.
உதட்டருகே வைத்து மெல்ல நகர்த்தினேன்.
விரலுக்குப் பிடிபடாத காற்று உதட்டுக்குத் தெரியும்.
"அந்த ஆன்ட்டி பாம்புக்கு முத்தம் கொடுக்குதும்மா"
என்றான் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஒரு பொடியன்.
அம்மா அடக்கினாள். அடக்கிவிட்டு அவளும் பார்த்தாள்.

கிடைத்தது. எட்டாவது ஒட்டுக்கு அரை விரல் தள்ளி.
உப்புத்தாளால் தேய்த்துப் பசை பூசினேன்.
இனிதான் கஷ்டம், சும்மா இருப்பது.
ஈரத்தோடு ஒட்டினால் ஒரு வாரம் தாங்காது.
மினுக்கம் அடங்க வேண்டும்,
தொட்டால் விரல் ஒட்டியும் ஒட்டாமலும் வர வேண்டும்.
ஊதக் கூடாது. ஊதினால் எச்சில்.
கொம்தார் கோபுரம் பெரிதாகிக்கொண்டே வந்தது.

காத்திருக்கும் கைக்கு வேலை வேண்டாமா,
டயரின் உள்வளைவைத் துழாவினேன்.
சுருக்கென்றது.
இமைமயிர் பருமனில் ஒரு கம்பி, துருவேறி,
வெளியே தலைகாட்டாமல் உள்ளே மட்டும் நுனி நீட்டி.
டயரில் எழுதிய பெயருக்கு நேரே வால்வை வைப்பது என் வழக்கம்.
சாண் வைத்து அளந்தேன்.
அந்த மூன்று ஒட்டும், இன்றைய ஓட்டையும்
இதற்கு நேர் மேலே.
ஒரே கம்பி, நாலு குத்து.
புது டியூபையும் தின்றிருக்கும்.
எந்தச் சாலையில் ஏறியதோ.

பல்லால் பிடுங்கினேன். நாக்கில் துரு.

அதற்குள் கரை. சங்கு ஊதிற்று.
பின்னால் அத்தனை எஞ்சினும் உறும,
ஒட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து,
தோளில் சக்கரம், இடுப்பில் சைக்கிள்,
யாரிடமெல்லாமோ சாரி சொல்லி இறங்கினேன்.
ஒட்டின் பின்தாளில் கம்பியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்,
தயாபரனிடம் காட்ட.
அவர் என்ன சொல்வாரென்று தெரியும். பன்னிரண்டு வெள்ளி.

மணிக்கூண்டருகே காற்றடித்தேன். கல்லாய் நின்றது.
மிதிக்க மிதிக்க, காது மட்டும் பின்சக்கரத்தில்.

அந்த இரண்டு பக்கப் புகாருக்குப்
போன வாரமே பதில் வந்திருந்தது:
தாங்கள் சொன்ன சாலையைக் கூட்டிவிட்டோம், நன்றி.
அந்த வழியாகத்தான் இன்றும் போனேன்.
கூட்டித்தான் இருந்தார்கள்.
பளிச்சென்று இருந்தது.